பங்குனிப் பொங்கலுக்கு அலங்கரித்த மேஜை

வாசல் நிலையில் என் மருமகள் கட்டியிருந்த வேப்பங்குலையை அவிழ்த்து எறிந்தவன் நான். வீட்டில் பேரனுக்கு அம்மை கண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே என் மகளிடம், இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னேன். அவள் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளை இப்போது உயிரோடு இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை அச்சகத்தைப் பற்றியும், காலண்டர் ஆர்டருக்காக ஊர் ஊராக அலைந்ததைப் பற்றியும் எழுதிவந்தேன். குடும்பத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். எழுதாததற்குக் காரணம் இதுதான். இதைத் தாண்டி வேறு எதையும் எழுத முடியாத இடத்துக்கு இப்போது வந்துவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம். விருதுநகரில் மாரியம்மன் கோவில் பொங்கலுக்கு முந்தின நாள் காலை. எங்கள் கூடத்து மேஜைமேல் என் பேரன் கவின் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்கு ஏழு வயது. நாக்கைத் துருத்திக்கொண்டு தாளில் பூ வெட்டினான். பக்கத்துக் கிண்ணத்தில் மைதாப் பசை ஆறிக்கொண்டிருந்தது. அதன் வாசனை அறை முழுக்க இருந்தது. இன்றைக்கும் யாராவது பசை காய்ச்சினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

தாள் அடுக்கிய மேஜை

அது கடையில் வாங்கிய மேஜை அல்ல. சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் தாள் எண்ணி அடுக்குவதற்காகச் செய்தது. பெரிய மெஷின் வந்தபோது அங்கே இடம் போதாமல் அதை லோடு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சுற்றிப் பதினாறு பேர் உட்காரலாம். என் மனைவி இருந்தவரை அதன்மேல் வற்றல் காயவைப்பாள், வேட்டி மடிப்பாள். அதில் யாரும் சாப்பிட்டதில்லை.

அதைச் சாப்பாட்டு மேஜையாக்கியவள் என் மருமகள் கற்பகம். மல்லாங்கிணறுப் பக்கம் மானாவாரிக் காட்டில் பருத்தி போட்ட குடும்பத்துப் பெண். வீட்டுக்கு நாலு பேர் வந்தாலும் அந்த மேஜையை ஜோடித்துவிடுவாள். அதற்காகப் பெரிதாக எதுவும் வாங்கமாட்டாள். மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது வண்ணம் சரியாக விழும்வரை கொஞ்சம் தாள் வீணாகும். ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து படங்கள் விழுந்து கிடக்கும். அதை என் மகன் செந்தில் கட்டாகக் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வருவான். அதிலிருந்து பூ, கொடி, தோரணம், ஒவ்வொருவர் இலைக்கு முன்னாலும் நிற்க ஒரு பெயர் அட்டை எல்லாம் வந்துவிடும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். சாமி முகம் விழுந்த தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரிக்கக் கூடாது. வெட்டுவதற்கு முன் கவின் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.

"அம்மா, இதுல பிள்ளையாரு காது மட்டும் இருக்கு. காதுமேல சோறு சிந்தலாமா?"

"அடுத்த தாள எடுடா."

அன்று காலை அவன் மேஜையில் நான் உட்காரும் இடத்துக்குத் தாளில் ஓரம் ஒட்டிவிட்டு, "தாத்தா, ஒங்க இடத்துல இரும்புக்கடை விளம்பரம் வந்திருச்சு" என்றான்.

"ஏலே, எனக்குச் சோறு போட்டதே விளம்பரந்தாம்லே. இருக்கட்டும்" என்றேன்.

அவன் சிரித்தான். சிரிக்கும்போது முதுகைச் சொறிந்துகொண்டான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. என் பிள்ளைகள் செந்திலும் ரேவதியும் சிறியவர்களாக இருந்த காலத்தில் நான் வீட்டில் இருந்ததே குறைவு. ஆடி தொடங்கித் தை வரைக்கும் எங்களுக்கு சீசன். ஒரு தீபாவளிக்கு நான் வருகிறேன் என்று தெரிந்து இரண்டு பேரும் சேர்ந்து முக்காலி ஒன்றை ஜோடித்திருந்தார்கள். காலண்டரின் மேல்விளிம்பில் அடிக்கிற தகரப் பட்டையை வளைத்து வளைத்துப் பூச்சாடி மாதிரி செய்திருந்தார்கள். தகரம் கிழித்து ரேவதியின் விரலில் துணி சுற்றியிருந்தது. நான் அதைப் பார்த்தேன் என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில்லை. என்ன சொன்னேன், அந்த முக்காலியில் உட்கார்ந்தேனா என்று தெரியவில்லை. ரேவதிக்கு நினைவிருக்கும். கேட்டதில்லை.

பேரன் பேத்தி வந்தபிறகு, விட்டதைப் பிடித்துவிடலாம் என்று ஓர் ஆசை வந்தது. வீட்டில் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்கிற ஆசை. கிழவனுக்கு வரும் சாதாரண ஆசைதான். அதைத்தான் நான் பிள்ளையின் உயிரைவிடப் பெரிதாக வைத்தேன்.

மாமன் மடி

செந்திலும் ரேவதியும் அப்போது இரண்டு வருடங்களாகப் பேசிக்கொள்ளவில்லை.

ரேவதியை மதுரையில் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மகள் மகிழினிக்கு இருக்கன்குடி கோவிலில் வைத்துக் காது குத்தினார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டையடிப்பார்கள், காது குத்துவார்கள். பெண்ணைப் பெற்ற வீட்டுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. அன்றைக்கு என்று பார்த்து ஒரு பெரிய காலண்டர் ஆர்டர் லோடு ஏறியது. இதோ கிளம்பிவிட்டேன், இதோ சாத்தூர் வந்துவிட்டேன் என்று செந்தில் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் மடியில் பிள்ளை உட்கார்ந்து, காதும் குத்தி முடிந்திருந்தது.

"எம் பிள்ளைக்கு மாமன் இல்லன்னு நெனச்சுக்கிடுதேன்" என்று சபையில் சொல்லிவிட்டு ரேவதி வண்டியேறினாள்.

பிறகு மகிழினிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்கும். சிறுநீரில் சத்து வெளியேறுகிறது என்று மதுரையில் சொன்னார்கள். குணமாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்க வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுகிற காலம் முழுக்க எதிர்ப்புச் சக்தி இருக்காது. காய்ச்சல்காரர்கள் பக்கத்தில் விடக் கூடாது. முக்கியமாக, அம்மை போட்ட வீட்டுப் பக்கமே போகக் கூடாது. இதையெல்லாம் ரேவதி எனக்கு விவரமாகச் சொல்லியிருந்தாள். நான் வேதியியலில் முதுகலை படித்தவன். எனக்குப் புரியாமல் இல்லை.

தங்கையின் பிள்ளை நோயில் கிடக்கிறது என்று தெரிந்ததும் செந்தில் இறங்கிவந்தான். பொங்கலுக்குக் கூப்பிடுங்கப்பா, நான் அவளிடம் பேசுகிறேன் என்றான். மகிழினிக்கு என்று வெள்ளிக் கொலுசும் வாங்கி வைத்தான். நான் பத்து தடவையாவது பேசி ரேவதியைச் சம்மதிக்கவைத்தேன்.

முழுக்கைச் சட்டை

அந்த முந்தின நாள் மதியம் கற்பகம் கவினைக் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பிவந்தாள்.

"மாமா, பிள்ளைக்கு முதுகுல முத்து கண்டிருக்கு. அம்மைதான்."

நானும் பார்த்தேன். நீர்கோத்த சின்னக் கொப்புளங்கள். சந்தேகமே இல்லை. அதற்குள் அவள் பின்கட்டு மரத்தில் குலை ஒடித்து வாசல் நிலையில் கட்டிவிட்டாள். வேப்பங்குலை தொங்கும் வீட்டுக்குள் எங்கள் ஊரில் யாரும் நுழைய மாட்டார்கள். தெருவிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த வீட்டில் விருந்து கிடையாது, தாளிப்பது கிடையாது.

"ரேவதிக்குச் சொல்லீருங்க மாமா. அந்தப் பிள்ளை வரக்கூடாது" என்றாள்.

நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ரேவதிதான் முதலில் பேசினாள். "அப்பா, காலையில கெளம்புதோம். அங்கன யாருக்கும் காய்ச்சல் கீச்சல் இல்லையே? டாக்டர் ரொம்பக் கண்டிசனாச் சொல்லியிருக்காக."

அப்போது நான் ஒரு மூச்சு எடுத்தேன். அந்த இடைவெளி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது வேண்டாம் என்றால் இனி வருவாளா என்று நினைத்தேன். மேஜையின் அந்தக் கோடியில் பிள்ளையை உட்காரவைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வேளைச் சாப்பாடுதானே என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் நல்லாயிருக்கோம். வாங்க" என்றேன்.

கீழே வந்து கற்பகத்திடம் வேறு சொன்னேன். "சொல்லிட்டேம்மா. டாக்டர்கிட்டக் கேட்டாளாம். தள்ளி உக்காந்தாப் போதும்னு சொன்னாராம். மாப்பிள்ளைக்குத் தெரியாது, தெரிஞ்சா விடமாட்டாரு. அதனால இந்தப் பேச்சையே யாரும் எடுக்காதீக."

"நெசமாவா மாமா?"

"நான் பொய்யா சொல்லுவேன்?"

வேப்பங்குலையை நானே அவிழ்த்தேன். எல்லாரும் போனபிறகு கட்டிக்கொள்ளலாம் என்றேன். பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் மேஜை அவ்வளவு அழகாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நடுவில் வாழைப்பூ மடல்களில் மல்லிகையும் கோழிக்கொண்டைப் பூவும் நிரப்பி வரிசையாக வைத்திருந்தாள் கற்பகம். நாற்காலிகளில் பிள்ளை வெட்டிய தோரணம். தெருவில் தீச்சட்டி எடுத்துப் போகிறவர்களின் கொட்டுச் சத்தம். தன் அட்டைக்குப் பக்கத்தில் மகிழினியின் அட்டையை வைத்திருந்தான் கவின். காலையிலேயே அதை எடுத்து மறுகோடியில் வைத்தேன்.

மாத்திரையால் உப்பிய கன்னங்களோடு மகிழினி உள்ளே வந்தாள். நாலு வயது. செந்தில் குனிந்து, "இன்னைக்காச்சும் மாமன் மடியில ஒக்காருவியாட்டி?" என்றான். அவள் அம்மாவைப் பார்த்தாள். ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ, ஒங்க மாமாதான்" என்றாள். செந்தில் மடியில் வைத்துக் கொலுசு மாட்டினான். அண்ணனும் தங்கையும் அழுதார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

இலை போடும்போது மகிழினி தன் அட்டையைத் தூக்கிக்கொண்டு கொலுசு குலுங்க ஓடிப்போய்க் கவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அங்கன போம்மா, தாத்தா பக்கத்துல" என்றேன். "விடுங்கப்பா, பிள்ளைக சேந்து இருக்கட்டும்" என்றாள் ரேவதி. கவின் தலையில் வைத்திருந்த ஜரிகைத் தாள் கிரீடத்தைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். கற்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையும் அதன் பிறகும்

இரண்டு வாரம் கழித்து மகிழினிக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் உடம்பெல்லாம் கொப்புளம். அடுத்து நுரையீரலுக்குப் போய்விட்டது. மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாங்கள் நின்றோம்.

மருத்துவர் வெளியே வந்து ரேவதியிடம், "அம்மை வந்த யார்கூடயாவது குழந்தை இருந்ததா? அப்போதே தெரிந்திருந்தால் தடுப்பாக ஓர் ஊசி போட்டிருக்கலாம்" என்றார். எனக்குத் தெரிந்தவரை யாருமில்லையே என்றாள் அவள். நான் அவளுக்குப் பக்கத்தில், அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

பிள்ளை போய்விட்டாள். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

துக்க வீட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. சொன்னது கவின். அவனுக்கு ஒன்றும் தெரியாது. "அத்த, எனக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு. பொங்கலன்னைக்கே இருந்துச்சே. அம்மா முழுக்கைச் சட்டை போட்டுவிட்டாங்க" என்றான்.

ரேவதி எழுந்து கற்பகத்தின் முன்னால் வந்து நின்றாள். "நீங்களும் ஒரு பிள்ளையப் பெத்தவகதான மதினி? சட்டைய மாட்டிவிட்டு மறைக்கத் தோணுச்சாக்கும்?"

கற்பகம் திகைத்துப்போனாள். "ரேவதி, ஒனக்குத் தெரியும்லா? மாமா ஒங்கிட்டச் சொன்னாகல்ல?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மாமா, சொல்லுங்க."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"துக்க வீட்டுல என்ன பேச்சு இது. எல்லாம் அவ விதி" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

பொங்கலன்று கற்பகம் சொன்னதை நம்பிப் பேசாமல் இருந்த செந்தில் அன்று இரவு தனியாகக் கேட்டான். "ரேவதிகிட்டச் சொல்லிட்டேன்னு கற்பகத்துகிட்டச் சொன்னீகளாப்பா?" நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன். அவன் நம்பினானா தெரியவில்லை. அவன் நம்பியதாகக் கற்பகம் நினைத்தாள். அது போதுமானதாக இருந்தது, அந்த வீடு பாழாவதற்கு.

அதன்பிறகும் கற்பகம் எனக்கு வேளை தவறாமல் சோறு போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. சொந்தக்காரர்கள் விசேஷங்களுக்குப் போனால் அவள் வந்து உட்கார்ந்த வரிசையிலிருந்து தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோவதை நானே பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். மேஜையில் மறுபடியும் வற்றல் காய்ந்தது.

கவின் கேட்டது

அடுத்த கோடையில் பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டுவிட்டார். செந்தில் அச்சகத்தில் இருந்ததால் நான் போனேன். மதியச் சாப்பாட்டை உங்கள் பேரன் எல்லாப் பிள்ளைகளையும் விட்டுத் தள்ளி, சுவர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றார். யாராவது கையைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடுகிறானாம். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவேன் என்று வீட்டில் அடம்பிடிப்பதை நானும் பார்த்திருந்தேன். பிள்ளைகளின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

திரும்பி வரும் வழியில் ஒரு மர நிழலில் நிறுத்திக் கேட்டேன். "ஏலே, ஏன்லே தனியா உக்காந்து சாப்பிடுத?"

"என்கிட்ட வந்தா செத்துப்போவாங்க தாத்தா" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான், மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல. "மகி என்னாலதான செத்தா."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அத்தை கேட்டது, நான் பொய் சொன்னது, வேப்பங்குலையை அவிழ்த்தது, சட்டை போடச் சொன்னது. நீ செய்தது எதுவும் தப்பில்லை, எல்லாம் நான் செய்தது என்றேன்.

அவன் சட்டைக் கையின் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டான். "இத அத்தகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அம்மாவ எல்லாரும் திட்டுனாங்களே. அப்பயும் சொல்லலையா?"

"சொல்லலப்பா."

அவன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மதுரைக்குப் போனேன்

அன்றே பேருந்தேறினேன். தரையில் உட்கார்ந்த மண் ஒட்டிய வேட்டியோடு ரேவதி வீட்டு வாசலில் நின்றேன். உட்காராமல் சொன்னேன். உட்கார்ந்தால் மறுபடியும் மறைத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவள் கத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு முழுவதும் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஆசுபத்திரியில டாக்டர் கேட்டப்ப எம் பக்கத்துலதான நின்னீக?"

ஆமாம் என்றேன்.

அவள் போனை எடுத்தாள். "மதினி" என்றாள். அந்தப் பக்கம் கற்பகம் என்ன என்ன என்று பதறுவது எனக்குக் கேட்டது. பிறகு இரண்டு பேரும் போனிலேயே அழுதார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். போனை வைத்துவிட்டு, "நீங்க கெளம்புங்கப்பா. கடைசி பஸ் போயிரும்" என்றாள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் நானே போனேன். கற்பகம்மீது தப்பில்லை, தப்பு என்னுடையது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். சிலர் காபி கொடுத்தார்கள். சிலர் வயதானவர், புத்தி தடுமாறிவிட்டது, மருமகளைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவள் உட்காரும் வரிசையிலிருந்து எழுந்துபோவது இன்னும் முழுதாக நிற்கவில்லை.

கவின் இப்போது மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறானாம். செந்தில்தான் சொன்னான். என்னிடம் கவின் பேசுவதில்லை.

போன பங்குனிப் பொங்கலுக்குச் செந்தில் குடும்பம் மதுரைக்குக் கிளம்பியது. ரேவதி கூப்பிட்டிருந்தாள். வீணான தாள்களில் ஒரு கட்டைச் சணலால் கட்டி வண்டியின் பின்பக்கம் வைத்தான் கவின். மகிழினி இறந்தபிறகு அந்த வீட்டில் முதன்முறையாக மேஜை ஜோடிக்கப் போகிறார்கள் என்று புரிந்தது. நான் சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

கற்பகம் என்னைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். நீண்ட காலத்துக்குப் பிறகு அவள் என் முகம் பார்த்துப் பேசியது அன்றுதான்.

"சோறு மூடி வச்சிருக்கேன். ரசத்த மட்டும் சூடு பண்ணிக்கோங்க."

"நானும் வந்தா..." என்றேன்.

"ரேவதி ஒங்கள வரவேணாம்னு சொல்லல மாமா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நாந்தான் சொல்லுதேன்."

வண்டி தெருமுனை திரும்பியது. சாயங்காலம் செந்திலிடமிருந்து போன் வந்தது. பின்னால் இலை போடுகிற சத்தம், ரேவதி யாரையோ அதட்டுகிற சத்தம், கவின் சிரிக்கிற சத்தம்.

"சாப்ட்டீகளாப்பா?" என்றான்.

சாப்பிட்டேன் என்று சொன்னேன். அதுவும் பொய்.